குப்பியில் வந்த காரணி: ஹீமோபிலியா மருந்து பாதுகாப்பான மருந்தான வரலாறு

ஹீமோபிலியா என்பது ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களுள் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பதாலோ அறவே இல்லாமையாலோ உண்டாகும் நோயாகும். எட்டாம் காரணி குறைந்தால் அது ஏ வகை என்றும், ஒன்பதாம் காரணி குறைந்தால் பி வகை என்றும் கூறப்படும். இவ்விரு காரணிகளுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குகிறது. வெளிக்காயத்தில் வழியும் ரத்தத்தைவிட, காரணம் எதுவும் புலப்படாமலே முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள் கசியும் ரத்தமே இந்நோயாளிகளை அதிகம் வருத்துவது. திரும்பத் திரும்பக் கசிந்த மூட்டு குருத்தெலும்பு அரிக்கப்பட்டு இளமையிலேயே முடங்கிவிடும், மூளைக்குள் கசிந்தால் உயிரே போகும். இல்லாத காரணியைச் சிரை வழியே ஏற்றுவதே இதற்கான அடிப்படை மருத்துவம். கடந்த அரை நூற்றாண்டில் அந்தக் காரணி மருந்து, மருந்துகளின் வரலாற்றில் வேறெதுவும் அரிதாகவே கண்ட ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் மீட்சியையும் கண்டது. அந்த வீழ்ச்சியை எவரும் முன்னறிய முடியாத விபத்து என்று எழுதுவோர் உண்டு. எய்ட்ஸ் வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளின் ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அக்கூற்று பாதிதான் நிலைக்கிறது. மருந்தைச் சூடாக்கித் தூய்மைப்படுத்தும் வழி தேடப்பட வேண்டும் என்ற அவசரம் ஏன் எழவில்லை என்பதே வரலாற்றாசிரியர் விடை காண வேண்டிய வினா.

ரத்தம் ஏற்றினால் ஹீமோபிலியா நோயாளியின் கசிவு நிற்கும் என்பது 1840ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தது. லண்டனில் சாமுவேல் லேன் என்ற அறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் கசிவு நிற்காத ஒரு சிறுவனுக்கு மற்றொருவரின் ரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார். ரத்த வகைகள் என்பன உள்ளன என்பதே அறியப்படாத காலம் அது. ஆகவே அம்முறை பரவாமல் போனதில் வியப்பில்லை. மருத்துவர்கள் வேறு பல வழிகளை நாடினர். அவற்றுள் ஒன்று தென்னிந்தியாவோடு தொடர்புடையது: 1934இல் ஆர். ஜி. மக்ஃபர்லேன் கண்ணாடி விரியனின் நஞ்சை மிகவும் நீர்த்துப்போகச் செய்து காயத்தின் மேல் இட்டால் ரத்தம் விரைந்து உறைகிறது என்று காட்டினார். சோழமண்டலக் கரையில் பாம்புகளைத் திரட்டி 1796இல் நூலாக வெளியிட்ட பேட்ரிக் ரசலின் பெயரைத் தாங்கிய பாம்பு அது. பல் பிடுங்கிய குழியில் அந்த நஞ்சுக் கரைசல் பயன்பட்டது. மூட்டுக்குள் கசியும் ரத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

நோயின் உள்ளியல்பு மெல்ல மெல்லவே விளங்கிற்று. ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கியபின் எஞ்சும் மஞ்சள் நிற நீர்மமான பிளாஸ்மாவில், நோயாளியின் ரத்தத்தை உறையச் செய்யும் ஒரு புரதப் பகுதி இருப்பதை 1937இல் பாஸ்டன் நகரில் பேடெக், டெய்லர் ஆகிய இருவரும் கண்டனர். 1944இல் புவனோஸ் ஐரிஸில் ஆல்ஃபிரெடோ பாவ்லோவ்ஸ்கி, ஹீமோபிலியா நோயாளிகள் இருவரின் ரத்தத்தைக் கலந்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்ததைக் கவனித்தார். நோய் ஒன்றன்று, இரண்டு என்பதன் முதல் அடையாளம் அது. ஆக்ஸ்ஃபர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் மக்ஃபர்லேனும் அவர்தம் குழுவினரும் 1952இல் இரண்டாவது வகையைத் தனியே விவரித்து, ஆய்வுக்கு உள்ளான சிறுவன் ஸ்டீபன் கிறிஸ்துமஸின் பெயரை அதற்கு இட்டனர். அச்சிறுவன் வளர்ந்து, தன் நோய்க்கு ஏற்றப்பட்ட ரத்தப் பொருள்களின் வழியே எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகி, 1993இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

எந்தப் புரதம் குறைகிறது என்று அறிந்த பிறகும் அதைப் போதிய அளவு தருவதே பெருந்தடையாக இருந்தது. காரணியின் அளவு அலகுகளில் சொல்லப்படுகிறது. இயல்பான பிளாஸ்மா ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் காரணியின் அளவே ஓர் அலகு. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஓர் அலகு வீதம் எட்டாம் காரணியை ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு விழுக்காடு உயரும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐம்பது விழுக்காடு உயர்த்த வேண்டுமாயின் 1,750 அலகுகள் தேவை. அதாவது ஏறத்தாழ 1.75 லிட்டர் பிளாஸ்மா. எட்டாம் காரணியின் அளவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுவதால் அதை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும். அவ்வளவு நீர்மத்தை எந்த இதயமும் தாங்காது. மாட்டு ரத்தத்திலிருந்தும் பன்றி ரத்தத்திலிருந்தும் எடுத்த காரணியை ஆக்ஸ்ஃபர்டில் 1950களில் பயன்படுத்திப் பார்த்தனர். உயிரைக் காத்தாலும், உடல் அவ்வயற்புரதத்தை எதிர்க்கத் தொடங்கியதால் பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியவில்லை.

இத்தடையை உடைத்தவர் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜூடித் கிரகாம் பூல். உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெதுவாக உருக விட்டால் பையின் அடியில் தங்கும் கூழ் போன்ற வீழ்படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை அவர் கண்டறிந்து, 1964இலும் 1965இலும் வெளியிட்டார். கிரையோபிரெசிபிடேட் என்றும், மருத்துவமனைப் பேச்சில் கிரையோ என்றும் வழங்கும் அப்பொருளை எந்த ரத்த வங்கியும் பெரிய இயந்திரமின்றிச் செய்ய முடிந்தது. முப்பது நாற்பது மில்லிலிட்டர் கொண்ட ஒரு பையில் சுமார் எண்பது அலகு காரணி இருந்தமையால், லிட்டர் கணக்கில் ஏற்ற வேண்டியிருந்தது சில பைகளாகச் சுருங்கிற்று. ஹீமோபிலியா நோயாளிகளுக்குத் திட்டமிட்ட அறுவை மருத்துவம் செய்யவும் வழி பிறந்தது. ஒவ்வொரு பையும் ஒரே கொடையாளரிடமிருந்து வந்தது என்பது அன்று பெரிதாக எண்ணப்படவில்லை. உறைநிலைப் பெட்டி வேண்டும், பைக்குப் பை காரணியின் அளவு மாறும், ஏற்றிக்கொள்ள மருத்துவமனைக்கே வர வேண்டும் என்ற குறைகளே முதலில் கண்ணில் பட்டன.

அக்குறைகளைத் தீர்க்கவே 1960களின் பிற்பகுதியில் செறிவூட்டிய உலர்பொடி வந்தது. பல கொடையாளரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் சேர்த்து, காரணியைப் பிரித்து, குளிரில் உலர்த்திச் சிறு குப்பியில் அடைத்தனர். குப்பியின் மேல் அலகு அச்சிடப்பட்டிருந்தது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது தூய நீரில் கரைத்துத் தாமே ஏற்றிக்கொள்ளலாம். மூட்டு வீங்கிச் சூடேறி வலி முற்றுவதற்கு முன், உள்ளே குறுகுறுப்பு தோன்றிய அந்த முதல் மணிக்குள்ளேயே மருந்து ஏறினால் மூட்டு பிழைக்கும் என்பதால், இவ்வசதி வெறும் வசதியாக நின்றுவிடவில்லை. பள்ளிக்குச் செல்லாமல் படுக்கையில் கிடந்த பிள்ளைகள் பள்ளி சென்றனர். வேலைக்கும் பயணத்துக்கும் உரியவர்களாக முதல் முறையாக ஒரு தலைமுறை வளர்ந்தது. பின்னாளில் நேர்ந்ததை எழுதுவோர் இம்மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மருந்தின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கை அனுபவத்தால் விளைந்தது.

ஆனால் அத்தொட்டியில் சேர்ந்தது யாருடைய ரத்தம்? ஒரு தொகுதிக்கு ஆயிரக்கணக்கானோர், சில வேளைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்த பிளாஸ்மா தேவைப்பட்டது. அமெரிக்காவில் அதைக் காசுக்கு வாங்கினர்; வறிய நகர்ப்புறங்களிலும் சிறைகளிலும் சேகரிப்பு நிலையங்கள் நடந்தன, ஆர்கன்சா மாநிலச் சிறைகளில் 1994 வரையும் அது தொடர்ந்தது. நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் ஏழைகளின் பிளாஸ்மாவை வாங்கி ஏற்றுமதி செய்த நிலையத்தைத் தம் நாளிதழில் அம்பலப்படுத்தி வந்த பெத்ரோ ஹோவாக்கின் சமோரோ 1978 ஜனவரியில் கொல்லப்பட்டபோது, கொதித்தெழுந்த மக்கள் அந்நிலையத்தைத் தீயிட்டனர். பிரிட்டனின் சமூகவியலறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ், விலைக்குப் பெறும் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமியின் ஆபத்து கூடுதல் என்று 1970இலேயே நூல் எழுதி எச்சரித்திருந்தார். அப்படியிருந்தும் 1973 முதல் பிரிட்டன் அமெரிக்கக் குப்பிகளை இறக்குமதி செய்தது. தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொள்ளும் என்று 1975இல் அமைச்சர் டேவிட் ஓவன் நாடாளுமன்றத்தில் அளித்த உறுதி நிறைவேறவில்லை.

இவ்வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. குப்பிகள் கல்லீரல் அழற்சியைப் பரப்புகின்றன என்பது தொடக்கம் முதலே தெரிந்திருந்தது. 1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் இறக்குமதிக் குப்பிகளைப் பயன்படுத்தியோரிடையே காமாலை பரவியதை ஜான் கிராஸ்க் ஆராய்ந்து மறு ஆண்டே வெளியிட்டார். கல்லீரல் அழற்சியின் ஏ வகையும் பி வகையும் அல்லாத, அன்று பெயரிடப்படாத, பின்னர் 1989இல் சி வகை என்று அடையாளம் காணப்பட்ட கிருமியும் அவற்றுள் இருந்தது. நோய்க்குறி எதுவும் தெரியாத நோயாளிகளின் கல்லீரலிலிருந்து திசு எடுத்துப் பார்த்த ஷெஃபீல்டு மருத்துவர்கள், வெளியே தெரியாமல் ஈரல் கெட்டுக்கொண்டிருப்பதை 1978இல் காட்டினர். ஆயினும் மூட்டு பிழைப்பதற்கும் உயிர் நிலைப்பதற்கும் கொடுக்கும் விலையாக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே சிகிச்சை மையங்களில் நிலவிய கருத்து. அவ்விலையைக் கொடுத்தவர்களுக்கோ, அவர்களின் பெற்றோருக்கோ அது எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்லப்படவில்லை. இதுவே மன்னிக்க அரிதான பகுதி.

பிளாஸ்மாவின் மற்றொரு புரதமான ஆல்புமினை அறுபது பாகை செல்சியசில் பத்து மணி நேரம் சூடாக்கினால் காமாலைக் கிருமி அழியும் என்பது 1940களிலேயே அறியப்பட்டு நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்டாம் காரணி மென்மையானது, அச்சூட்டில் குலைந்துவிடும் என்று எண்ணி உற்பத்தியாளர் ஒதுங்கினர். ஜெர்மனியின் மார்பர்கில் இயங்கிய பேரிங்வெர்க்கே நிறுவனத்தில் நோர்பர்ட் ஹைம்பர்கர் சர்க்கரையையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் கரைசலில் சேர்த்தால் காரணி அதே சூட்டைத் தாங்குகிறது என்று கண்டறிந்தார். 1981இல் ஜெர்மனியில் அம்மருந்துக்கு உரிமம் கிடைத்தது. தயாரிப்பில் காரணியின் பெரும்பகுதி வீணானதால் விலை மிகுதியாக இருந்தது; பிற நாடுகள் அதைப் பெரிதும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லீரல் அழற்சிக்காகவே செய்யப்பட்ட அவ்வேற்பாடு, அதுவரை எவரும் அறியாத எச்.ஐ.வி.யையும் சேர்த்தே அழித்தது. பொறுத்துக்கொள்ளத்தக்க ஆபத்து என்று ஒன்றை ஒதுக்கியபோது, அதே வழியாக வரக்கூடிய அறியப்படாத ஆபத்துக்கான காப்பும் ஒதுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1982 ஜூலை 16 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை, ஹீமோபிலியா நோயாளிகள் மூவருக்கு எதிர்ப்பாற்றல் குலைந்தோரை மட்டுமே தாக்கும் நிமோனியா வந்திருப்பதைத் தெரிவித்தது. மறு ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத் தலைவர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த், 1978க்குப் பின் அமெரிக்காவில் பெற்ற ரத்தத்தாலான குப்பிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். அவசரப்பட்ட யோசனை என்று அது ஒதுக்கப்பட்டது. சூடாக்கினால் எச்.ஐ.வி. அழியும் என்பது 1984 அக்டோபரில் அமெரிக்காவில் உறுதியாக அறிவிக்கப்பட்டது. ரத்தத்தில் அதைக் கண்டறியும் சோதனை 1985 மார்ச்சில் வந்தது. அதற்குள் அமெரிக்க ஹீமோபிலியா நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரும், அடிக்கடி குப்பி பயன்படுத்திய கடும் நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோரும் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர்.

அறியாமை தீர்ந்த பிறகும் குப்பிகள் நின்றுவிடவில்லை என்பதே நீதிமன்றங்களுக்கு வழக்குகளைக் கொண்டுவந்தது. பிரான்சில் சூடாக்காத இருப்பு 1985 அக்டோபர் வரை வழங்கப்பட்டது. தேசிய ரத்த மையத்தின் தலைவராக இருந்த மிஷல் கரேத்தா 1992இல் சிறைத்தண்டனை பெற்றார். ஜப்பானில் 1985இல் சூடாக்கிய மருந்துக்கு அனுமதி தந்த பிறகும் பழையது புழங்கியது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட நோயாளிகள் தொற்றடைந்த நிலையில், மறைந்துகிடந்த கோப்புகளை 1996இல் வெளிக்கொணர்ந்து சுகாதார அமைச்சர் நவோட்டோ கான் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கச் சந்தையில் சூடாக்கிய மருந்தை விற்கத் தொடங்கிய பிறகும், அமெரிக்க நிறுவனம் ஒன்று பழைய இருப்பை ஆசியாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் அனுப்பியதை அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டு 2003இல் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கனடாவில் நீதிபதி கிரெவரின் ஆணையம் 1997இல் அறிக்கை தந்தபின் ரத்த சேகரிப்புப் பொறுப்பே செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து மாற்றப்பட்டது. பிரிட்டன் மட்டும் மிகவும் தாமதித்தது. நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே 20 அன்றுதான் முடிவை வெளியிட்டது. பேரழிவு பெருமளவுக்குத் தவிர்த்திருக்கக் கூடியதே என்றும், உண்மை மறைக்கப்பட்டது என்றும் அது கூறிற்று. ஹாம்ப்ஷயரில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கென நடந்த ட்ரெலோர் பள்ளியில் 1970 முதல் 1987 வரை பயின்ற ஹீமோபிலியா மாணவர் 122 பேருள் முப்பது பேர் அளவிலேயே உயிரோடிருப்பதை அவ்விசாரணை பதிவு செய்தது. அப்பிள்ளைகள் மீது பெற்றோரின் ஒப்புதலின்றி ஆய்வுகள் நடத்தப்பட்டதையும் அது எழுதியுள்ளது.

இன்று ஒரு குப்பி பாதுகாப்பானது என்று சொல்லப்படுவதற்குப் பின்னே இவ்விறப்புகள் ஒவ்வொன்றும் கற்பித்த அடுக்கடுக்கான காப்புகள் உள்ளன. சூடாக்கினால் போதும் என்ற எண்ணமும் முதலில் பொய்த்தது: உலர்பொடியை அறுபது பாகையில் முப்பது மணி நேரம் சூடாக்கிய ஒரு மருந்து தொற்றைத் தடுக்கத் தவறி, 1986இல் பிரிட்டனில் திரும்பப் பெறப்பட்டது, எண்பது பாகையில் எழுபத்திரண்டு மணி நேரம் என்ற பிரிட்டிஷ் அரசு ஆய்வகத்தின் கடுமையான முறையே எச்.ஐ.வி.யோடு கல்லீரல் அழற்சி சி கிருமியையும் அழித்தது. நியூயார்க் ரத்த மையத்தில் பெர்னார்ட் ஹொரோவிட்ஸ் குழுவினர் வகுத்த கரைப்பான்–சோப்பு முறை 1985இல் உரிமம் பெற்றது. கொழுப்புறை கொண்ட கிருமிகளின் உறையைக் கரைத்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும் முறை அது, எச்.ஐ.வி., அழற்சி பி, அழற்சி சி ஆகிய மூன்றும் அவ்வினத்தவை. உறையில்லாத அழற்சி ஏ கிருமி அம்முறைக்கு அடங்காமல் 1990களின் தொடக்கத்தில் இத்தாலியில் நோயாளிகளைத் தாக்கியபோது, இரண்டு வேறுபட்ட கிருமி நீக்க முறைகளை ஒருங்கே கையாள வேண்டும் என்ற நெறி வலுப்பெற்றது. எட்டாம் காரணியின் மரபணு 1984இல் பிரித்தெடுக்கப்பட்டு, மனித ரத்தத்தை நாடாமல் வளர்ப்புச் செல்களில் உருவாக்கிய காரணி 1992இல் சந்தைக்கு வந்தது. முதல் தலைமுறை மருந்துகளில் நிலைப்படுத்தியாக மனித ஆல்புமின் இருந்ததால் அதையும் அகற்றிய பிறகே பலர் மன நிறைவு கொண்டனர்.

கிருமியைப் பற்றிய அச்சம் தணிந்ததும், முன்பே இருந்த வேறோர் ஆபத்து முன்னுக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் காரணியை உடல் அந்நியப் பொருளாகக் கருதி அதை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குவதே அது. இதை இன்ஹிபிட்டர் என்பர். கடுமையான ஏ வகை நோயாளிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் சில பத்து ஏற்றல்களுக்குள், இது தோன்றுகிறது. தோன்றியபின் வழக்கமான மருந்தளவு பலிக்காது. ஆகவே புதிதாக மருந்து தொடங்கிய குழந்தைக்குக் குறித்த இடைவெளியில் ரத்தச் சோதனை செய்வதும், வழக்கமான அளவு ஏற்றியும் கசிவு அடங்கவில்லையெனில் மேலும் மேலும் ஏற்றாமல் இன்ஹிபிட்டர் உண்டா என்று பார்ப்பதும் நடைமுறையாயின. பி வகையில் இது அரிது. ஆனால் வரும்போது ஒன்பதாம் காரணிக்கே கடும் ஒவ்வாமை சேர்ந்து வரலாம் என்பதால், முதல் ஏற்றல்கள் மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது.

வீட்டு மருத்துவம் பரவியபோது மருந்தைக் கையாளும் ஒழுங்கும் உடன் வளர்ந்தது. காலாவதி நாளையும் கரைசலின் தெளிவையும் பார்ப்பது, பொடியையும் நீரையும் அறைச்சூட்டுக்குக் கொணர்ந்து குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைப்பது, கரைத்ததை அதிக நேரம் வைத்திராமல் மெதுவாக ஏற்றுவது, ஏற்றிய நாளையும் காரணத்தையும் அலகையும் குப்பியின் தொகுதி எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியன அதன் உறுப்புகள். தொகுதி எண்ணை எழுதுவது எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். 1980களில் எந்தத் தொகுதி யாருக்குச் சென்றது என்று தேடியவர்கள் பட்ட பாடே அந்த நெடுவரிசையைக் குறிப்பேட்டில் நிலைநிறுத்தியது.

கசிந்த பிறகு ஏற்றுவதைவிடக் கசியாமலிருக்க ஏற்றுவது நல்லது என்ற கருத்து சுவீடனின் மால்மோ நகரில் பிறந்தது. காரணி ஒரு விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்களின் மூட்டுகள் அழிவதையும், ஒன்று முதல் ஐந்து விழுக்காடு உள்ளவர்களின் மூட்டுகள் பெரும்பாலும் தப்புவதையும் கண்டு, இங்கா மரீ நில்சன் 1958 முதல் முறையான தடுப்பு ஏற்றலைத் தொடங்கினார். அம்முறைக்கு வேண்டிய மருந்தை வாங்கும் வசதி உலகின் பெரும்பகுதிக்கு இல்லை. இந்தியாவில் நீண்ட காலம் கிரையோவும் பிளாஸ்மாவுமே துணை. 1986இல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்த பிறகும் ரத்தம் விற்போரிடமிருந்து பெறுவது தொடர்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பால் 1998 முதல்தான் அது தடை செய்யப்பட்டது. 1983இல் அசோக் பகதூர் வர்மா நிறுவிய இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்பு வெளிநாட்டுக் குப்பிகளைக் குறைந்த விலைக்குத் தருவித்து வழங்கியது. பின்னர் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் அரசு மருத்துவமனைகளே காரணியை இலவசமாக வழங்கத் தொடங்கின.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆலோக் ஸ்ரீவாஸ்தவா, மேலைநாட்டு அளவில் சிறு பகுதியைக் கொண்டே அறுவையும் தடுப்பு ஏற்றலும் இயலும் என்பதைப் பல்லாண்டுப் பணியில் காட்டியவர். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை அவர் முதன்மை ஆசிரியராக இருந்து உருவானது. கிருமி நீக்கம் செய்யப்படாத கிரையோவை, செறிவூட்டிய மருந்து கிடைக்காத இடத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அந்நெறிமுறை கூறுகிறது. இந்தியக் குழந்தைகளும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு ஒன்று 2016இல் மற்றொரு செய்தியைத் தந்தது: புதிதாக மருந்து தொடங்கியோருள், பிளாஸ்மாவிலிருந்து எடுத்த காரணியைப் பெற்றவர்களில் 26.8 விழுக்காட்டினருக்கும், வளர்ப்புச் செல்களில் உருவாக்கிய மரபணுப் பொறியியல் காரணியைப் பெற்றவர்களில் 44.5 விழுக்காட்டினருக்கும் இன்ஹிபிட்டர் தோன்றியது. கிருமியின் பொருட்டு ஐயுறப்பட்ட மருந்து, எதிர்ப்பொருள் வகையில் மேம்பட்டு நின்றது. முதல் குப்பி எதுவாக இருக்க வேண்டும் என்பது குழந்தையின் மரபணுப் பிழை, குடும்பத்தில் இன்ஹிபிட்டர் வந்த வரலாறு, கைக்கெட்டும் மருந்து ஆகியவற்றைப் பார்த்துப் பெற்றோரோடு பேசி மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாக அன்று முதல் ஆயிற்று.